இறகுத் தூண்டிலுக்குக் கேமரன் மலையின் பருவங்கள்

பனி பொழியும் நாடுகளில் இறகுத் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பருவத்தைக் குறித்துக் கொடுப்பது வெயில். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், மேட்டுப் பாலைநிலத்தின் நடுவே ஓடும் ஆறுகளில் வசந்தத்தில் பனி உருகிக் கலங்கல் வெள்ளம் வரும். கோடை முற்ற முற்ற நீர் வடிந்து தெளியும். எந்த வாரத்தில் எந்தப் பூச்சி பறக்கும் என்று அங்கே பட்டியல் போட்டே வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் புத்தகங்களைப் படித்துவிட்டு மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கோ கம்போங் ராஜாவுக்கோ வந்தால் ஒன்றும் ஒத்துவராது. இங்கே பனியும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் ஜனவரியானாலும் ஜூலையானாலும் பகலில் 22, 23 டிகிரி, இரவில் 15 டிகிரி அளவில்தான் இருக்கும்.

கேமரன் மலையில் பருவம் என்பது மழை. மழை பெய்தால் ஓடையின் நிறம் மாறும். நிறம் மாறினால், நீங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய இறகுப் பூச்சி மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். கிளம்புவதற்கு முன் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். எந்த மாதம், எந்த ஓடை, எந்தப் பூச்சி, போகலாமா வேண்டாமா என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடும்.

புழுவும் தக்கையும் வைத்து மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகுத் தூண்டிலில் முள்ளுக்குக் கனமே கிடையாது. அது ஒரு துளி இறகும் நூலும்தான். கனம் முழுக்கத் தடித்த கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது அந்தக் கயிறு காற்றில் விரிந்து, நுனியில் இருக்கும் போலிப் பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்கி வைக்கும். பூச்சி தானாக விழுந்ததுபோல இருக்க வேண்டும். வித்தை அவ்வளவுதான். கை பழகச் சில மாதங்கள் ஆகும்.

மீன்களைப் பற்றி

முதலில் ஒரு ஆசையை இறக்கி வைத்துவிடுகிறேன். மலைநாடு, தேயிலை, குளிர் என்றதும் டிரவுட் மீன் நினைவுக்கு வருகிறது. காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலையோடு டிரவுட்டையும் மலையேற்றியவர்கள். இலங்கையில் 1880களிலேயே நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் அதை விட்டார்கள். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகமும் தோன்றியது. நீலகிரியில் 1860களிலிருந்து முயன்று, பல தோல்விகளுக்குப் பிறகு எச். சி. வில்சன் காலத்தில் வானவில் டிரவுட்டை நிலைக்க வைத்தார்கள். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. மூணாற்றின் உயர் ஓடைகளிலும் டிரவுட் வாழ்கிறது. கேமரன் மலைத் தேயிலையின் தொடக்கத்திலும் இலங்கையின் கை உண்டு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, இலங்கையில் அனுபவம் பெற்ற தேயிலைத் துரை ஏ. பி. மில்ன் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஆனால் டிரவுட் முட்டை நன்றாகப் பொரிக்கத் தண்ணீர் 10, 12 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையோ நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. தேயிலை வளரும் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் 1,000 முதல் 1,600 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆண்டு முழுதும் ஒரே சூடு. டிரவுட் தானாகப் பெருகும் ஓடையை இங்கே தேடாதீர்கள்.

அதற்காக வருந்தவும் வேண்டாம். இந்த ஆறுகளுக்கென்றே பிறந்த மீன்கள் இருக்கின்றன. இறகுப் பூச்சியை விரட்டி வந்து கவ்வுவதில் அவை எந்த டிரவுட்டுக்கும் இளைத்தவை அல்ல.

மலேசிய ஆறுகளின் அரசன் கெலா. இந்தியாவில் மஹசீர் என்று சொல்லும் பெருங்கெண்டைக் குடும்பம்தான் இது. பெரிய செதில், பொன்னும் செம்பும் கலந்த நிறம், உருளை உடம்பு. தெளிந்த நீர், பாறை, ஆழமான மடு, கரையில் பழமரம் எல்லாம் சேர்ந்த இடத்தில் வாழும். அத்திப் பழம் தண்ணீரில் விழும் சத்தத்துக்கே வந்து கவ்வும் மீன். அதனால்தான் கெலாவைத் தேடுகிறவர்கள் பூச்சிப் போலியோடு பழப் போலியும் கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தேயிலை மேட்டில் பெரிய கெலாவை எதிர்பார்க்க வேண்டாம். அது இருப்பது கீழே, ஜெலாய் ஆற்றுப் பக்கம், காடு கெடாத பள்ளத்தாக்குகளில்.

மேட்டு ஓடைகளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது தெங்காஸ். பார்வைக்குக் கெலாவின் தம்பிபோல இருக்கும். பிடித்தவர்கள் கெலா என்றே சொல்லிக்கொள்வதும் உண்டு. அடையாளம் வாயில் இருக்கிறது. கெலாவின் கீழுதட்டின் நடுவில் தொங்கும் சதைமடல் தெங்காசுக்குக் கிடையாது. தெங்காசின் கன்னத்தில் மணிமணியாகச் சிறு முடிச்சுகள் தென்படும். ஒரு சாண் நீள மீனானாலும் வேகமான நீரில் கோலை வளைத்துவிடும். மெல்லிய கோலில் அதைப் பிடிப்பதுதான் என் கணக்கில் கேமரன் மலையின் முதல் சுகம்.

செபராவ் வேறு குணம். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை போட்ட வேட்டை மீன், சின்ன மீன்களைத் துரத்தித் தின்னும். தாழ்ந்த ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இருக்கும். வெள்ளி மினுக்கம் கலந்த குஞ்சுமீன் போலியை வேகமாக இழுத்தால் வந்து மோதும். ரிங்லெட் ஏரியில் முக்கியமாகத் திலாப்பியாவும் கெண்டை வகைகளும்தான். பழகுகிறவர்களுக்கு அந்த ஏரி நல்ல பள்ளிக்கூடம், ஏனென்றால் முதுகுப் பக்கம் மரம் இல்லாத கரை அங்கேதான் கிடைக்கும். அதற்கு மேல் அதைப் புகழ மாட்டேன்.

ஆறுகளும் சுரங்கங்களும்

மீன் பிடிக்கும் புத்தகத்தில் மின்சார நிலையங்களைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் புரிந்துகொள்ளாமல் இங்கே காலை நனைக்கக் கூடாது.

பெர்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைச்சரிவில் பிறந்து, பிரிஞ்சாங், தானா ராத்தா ஊர்களின் நடுவே ஓடி, ராபின்சன் அருவியாக விழுந்து, ஹாபு வழியாக ரிங்லெட் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரியை உண்டாக்கியது 1963இல் முடிந்த சுல்தான் அபூபக்கார் அணை. வடக்கே கம்போங் ராஜாப் பக்கம் ஓடும் தெலோம் ஆற்றின் தண்ணீரையும் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். ஏரியில் சேர்ந்த நீர் இன்னொரு சுரங்கத்தில் நுழைந்து, மலையின் மேற்குப் பக்கம் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. கேமரன் மலை இருக்கும் பகாங் மாநிலத்தில் பெய்த மழை பேராக் ஆற்றில் போய்ச் சேர்கிறது.

இதனால் உங்களுக்கு இரண்டு விளைவுகள். முதலாவது, தெலோம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் சேறும் ரிங்லெட் ஏரிக்கே வருகிறது. பல ஆண்டுகளாகத் தூர் வாரியும் ஏரி மேடிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஏரித்தண்ணீர் பால் காப்பி நிறத்தில் கிடந்தால் அன்றைக்கு அங்கே பெய்த மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மலையின் மறுபக்கத்து மழையும் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவது விளைவு உயிர் சம்பந்தப்பட்டது. அணைக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் ஆறு பெரும்பாலான நாட்களில் இளைத்துக் கிடக்கும். தண்ணீர் சுரங்கத்துக்குப் போய்விடுவதால், பக்க ஓடைகள் கொண்டுவருவது மட்டும்தான் அங்கே ஓடும். காய்ந்த பாறைகளும் குட்டி மடுக்களும் தூண்டில்காரரைக் கூப்பிடும். ஏரி நிறைந்து மதகைத் திறந்தால் அதே படுகையில்தான் அத்தனை நீரும் பாயும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கழிந்த நேரத்தில் அப்படித் திறந்துவிட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின. தூக்கத்தில் இருந்தவர்களுக்கே ஓட வழி இல்லாமல் போனது. படுகையின் நடுவில் நிற்கிறவருக்கு என்ன வழி இருக்கும்? அணைக்குக் கீழே எச்சரிக்கைப் பலகை இருக்கும் எந்த இடத்திலும் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள். சங்கொலி கேட்டால் கோலைப் போட்டுவிட்டு மேடேறுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கீழே இன்னும் இறங்கினால் உலு ஜெலாய் மின்திட்டம் வருகிறது. 2016இல் இயங்கத் தொடங்கிய இந்தத் திட்டத்துக்காகப் பெர்தாம் ஆற்றில் சூசு அணையைக் கட்டி, தெலோம், லெமோய் ஆறுகளிலிருந்தும் நீரைத் திருப்பியிருக்கிறார்கள். பழைய தூண்டில்காரர்கள் சொல்லும் லெமோய்க் கதைகளைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள், இன்றைய ஆறு அதே ஆறு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். மேலேறி முட்டையிடும் தெங்காசுக்கும் கெலாவுக்கும் அணை என்பது தாண்ட முடியாத சுவர்.

இனி, எந்த ஓடையைத் தேர்ந்தெடுப்பது? வரைபடத்தை எடுத்து, ஓடை எங்கே பிறக்கிறது என்று விரலால் மேலே தேடிப் போங்கள். காட்டுக்குள் பிறந்து தேயிலைக்குள் இறங்கும் ஓடை நல்லது. முதிர்ந்த தேயிலை தரையை மூடிக்கொண்டு மழையைத் தாங்கிவிடும். காடு அளவுக்குத் தாங்காது என்றாலும், உழுது கொத்திய காய்கறி நிலத்தைவிட எவ்வளவோ மேல். காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூடாரங்களைத் தாண்டிக் கீழே வரும் ஓடையை விட்டுவிடுங்கள். ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றையும் விடுங்கள். பாரிட் அருவியும் ராபின்சன் அருவியும் நடக்கப் போவதற்கு அழகான இடங்கள், தூண்டிலுக்கு அல்ல.

ஓடைக்குப் போய்ச் சேர்ந்ததும் கோலைப் பூட்டுவதற்கு முன் முழங்கால் ஆழத்தில் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டுங்கள். அடிப்பக்கம் சப்பையான பூச்சிக் குஞ்சுகள் வாலில் இரண்டு மூன்று மயிரிழைகளோடு நெளிந்து ஓடினால், மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் இருந்தால், அது உயிருள்ள ஓடை. வழவழவென்ற பாசியும் சிவப்புப் புழுக்களும் மட்டும் இருந்தால் அங்கே நேரத்தைக் கொல்லாதீர்கள். பார்த்த கல்லை அதே பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

மழையின் நாள்காட்டி

கேமரன் மலையில் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிதாக ஒருமுறை. நடுவே ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வறட்சி, ஜூன், ஜூலையில் இன்னொரு சிறு ஓய்வு. நம் திருநாட்களை வைத்துக்கொண்டால் இது எளிதில் நினைவிருக்கும்.

தைப்பூசத்துக்கும் சித்திரைப் பிறப்புக்கும் இடைப்பட்ட காலம்தான் முதல் தரம். ஓடைகள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நீர் குறைந்து மீன்கள் மடுக்களில் ஒதுங்கியிருக்கும். எளிதாகப் பிடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் நீங்கள் மீனைப் பார்க்கும் அளவுக்கு மீனும் உங்களைப் பார்க்கும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கீழிருந்து மேலாக, மீனின் வால் பக்கமாக வர வேண்டும். மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் முகம் வைத்திருக்கும். உங்கள் நிழல் மடுவின் மேல் விழுந்த நொடியில் அந்த மடு முடிந்தது. நுனி நரம்பை ஒன்பது அடிக்குக் குறையாமல் நீட்டிக்கொள்ளுங்கள். 14, 16ஆம் எண் முள்ளில் கட்டிய சிறு பூச்சிகள் போதும். காலை பனிமூட்டம் விலகி வெயில் தண்ணீரில் படும்வரை காத்திருப்பது நல்லது. குளிர்ந்த நீரில் பூச்சிகள் அசையாது, மீனும் மேலே வராது. எட்டரை, ஒன்பது மணிக்குமேல்தான் ஓடை விழிக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் மட்டும் சாலை நிறைந்து வழியும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சித்திரை பிறந்துவிட்டால் பாதி நாள்தான் உங்களுடையது. காலையில் வானம் நீலமாக இருக்கும். பகல் ஒரு மணிக்குமேல் மேகம் திரண்டு இடி முழங்கும். விடிந்ததும் இறங்கி, நடுப்பகலுக்குள் கரையேறுங்கள். கார்பன் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடியின் கீழே நிற்பது மின்னலுக்கு வழி காட்டுவதாகும்.

ஆனால் இந்தப் பருவத்துக்கு ஒரு பரிசு உண்டு, அது ஈசல். முதல் மழைகள் மண்ணை நனைத்த மறுநாள், புற்றுகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, விளக்கைச் சுற்றி, இறக்கை உதிர்ந்து ஓடையில் விழும். அந்த நேரத்தில் தெங்காஸ் வேறு எதையும் சட்டை செய்யாது. மடுவின் மேற்பரப்பில் சின்னச் சின்ன வட்டங்கள் விரியும். பழுப்பு நூலில் உடலும் சாம்பல் நிறக் கோழியிறகில் இறக்கையும் வைத்துக் கட்டிய 12ஆம் எண் ஈசல் போலியை அந்த வட்டத்துக்கு ஒரு முழம் மேலே இறக்குங்கள். முதல் முறை மீன் தவறவிட்டால் உடனே மறுபடி போடாதீர்கள். இருபது வரை எண்ணிவிட்டுப் போடுங்கள்.

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும் சுமத்ரா மலைகள் அதன் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் நமக்கு மழை குறைகிறது. தண்ணீர் தைமாதத் தெளிவுக்கு வராது. இலேசான பச்சை கலந்த நிறம் இருக்கும். நான் இந்த நிறத்தைத்தான் அதிகம் விரும்புகிறேன். மீன் பயப்படாது, பூச்சியும் அதன் கண்ணுக்குத் தெரியும். கீழ்நாட்டில் டுரியான் விழும் காலம் இது. ஆற்றோரப் பழமரங்களைக் கவனிக்க வேண்டிய காலமும் இதுதான். அத்திக்கு நிலையான மாதம் கிடையாது. ஒவ்வொரு மரமும் தன் போக்கில் பழுக்கும். மரத்தடியில் நசுங்கிய பழமும் மேலே பறவைச் சத்தமும் இருந்தால் அந்த மரத்துக்குக் கீழ் இருக்கும் மடுவில் மீன் காத்திருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் சில ஆண்டுகள் புகைமூட்டம் மலை வரைக்கும் ஏறும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அப்போது வர வேண்டாம்.

தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மண்சரிவு, சேற்று வெள்ளம், மதகு திறப்பு எல்லாம் நடக்கும் காலம். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையும் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் சாலையும் இந்த மாதங்களில் மண் சரிந்து அடைபடுவது புதிதல்ல. டிசம்பரில் மழை குறையக் குறையக் காட்டு ஓடைகள் முதலில் தெளியும், தேயிலை ஓடைகள் அடுத்து. காய்கறி நிலத்து ஆறுகளுக்கு இன்னும் வாரக்கணக்கில் ஆகும். மார்கழிக் கடைசியில் திரும்பி வாருங்கள்.

எந்தப் பருவமானாலும் ஓடைக்குள் நிற்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். இறங்கியதும் நீர்விளிம்பில் ஒரு கல்லைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். சில வீச்சுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பாருங்கள். கல் நனைந்திருந்தால், நுரையும் சருகும் மிதந்து வந்தால், நீர் நிறம் மங்கினால், உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை கொட்டுகிறது. எந்தக் கரையில் வண்டி நிற்கிறதோ அந்தக் கரைக்கு உடனே வந்துவிடுங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைக் காலையில் பார்ப்பதும், எந்த ஓடைக்குப் போகிறோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வருவதும் கட்டாயம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்காது.

கோலும் பூச்சியும்

மேட்டு ஓடைகளுக்கு ஏழு, ஏழரை அடிக் கோல், மூன்றாம் அல்லது நான்காம் எண் கயிறு. ஏரிக்கு ஒன்பது அடி, ஆறாம் எண். கீழே கெலாவையும் செபராவையும் தேடிப் போகிறவர்களுக்கு ஏழு, எட்டாம் எண்ணும், பாறையில் உரசினாலும் அறாத தடித்த நுனி நரம்பும் வேண்டும். கெலா முள் பட்டதும் நேராகப் பாறை இடுக்குக்கு ஓடும். முதல் ஓட்டத்தைத் தாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விலையுயர்ந்த ரீல் அவசியமில்லை. சின்ன ஓடையில் அது கயிறு சுற்றி வைக்கும் பெட்டிதான். காசை நல்ல காலணிக்கும் நீரின் பளபளப்பை நீக்கிக் காட்டும் கண்ணாடிக்கும் செலவழியுங்கள்.

கடையில் கிடைக்கும் பூச்சிகள் பெரும்பாலும் டிரவுட் நாடுகளுக்காகக் கட்டியவை. நமக்கு வேண்டியவற்றை நாமே கட்டலாம், சாமான்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பூசைச் சாமான் கடையில் ஒரு மயிலிறகு வாங்குங்கள். கண்ணுக்குக் கீழே தண்டின் ஓரத்தில் நீளமாக இருக்கும் இழைகளில் மூன்றை உருவிக்கொள்ளுங்கள். 12ஆம் எண் முள்ளைப் பிடிப்பானில் மாட்டி, கறுப்பு நூலை முள்ளின் கண்ணிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். இழைகளின் மெல்லிய நுனியை அங்கே கட்டி, மூன்றையும் நூலோடு சேர்த்து முறுக்கி, முன்னோக்கித் திரும்பச் சுற்றி வாருங்கள். முறுக்காமல் சுற்றினால் மீனின் முதல் கடியிலேயே அறுந்துவிடும். பச்சையும் ஊதாவுமாக மின்னும் குண்டு உடல் கிடைக்கும். அதன் முன்னால் பழுப்புக் கோழியிறகு ஒன்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சிட்டால் வண்டு ஆயிற்று. தேயிலைச் செடியிலிருந்து ஓடையில் உதிரும் எத்தனையோ வண்டுகளுக்கு இது ஒன்றே போதும். என் பெட்டியில் ஒரே ஒரு பூச்சிக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

இதோடு நீருக்கடியில் உருண்டு போகும் பழுப்புப் பூச்சிக் குஞ்சு, ஈசல், ஏரிக்கும் செபராவுக்கும் ஆலிவ் நிறத்தில் மயிரடர்ந்த குஞ்சுமீன் போலி, கெலாவுக்கு அத்திப்பழ நிறத்தில் கத்தரித்த உருண்டை. எல்லா முள்ளிலும் உட்புறம் நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும்.

வீசுவதைப் பற்றி நீளமாக எழுதிப் பயனில்லை, கை செய்ய வேண்டிய வேலை அது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓடையோரத்தில் பின்னால் மரப்பெரணியோ தேயிலை மேடோ இருக்கும். தலைக்குமேல் வீசும் அழகான வீச்சு அங்கே எடுபடாது. கயிற்றைத் தண்ணீரின் மேலேயே வைத்துக்கொண்டு கோலை மெல்லப் பின்னால் சாய்த்து முன்னால் உருட்டித் தள்ளும் வீச்சைப் பழகுங்கள். இன்னும் நெருக்கமான இடத்தில் பூச்சியை இரு விரலால் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, குறி பார்த்து விட்டுவிடலாம். விரலில் முள் ஏறாமல் அதன் வளைவைப் பிடிக்க வேண்டும்.

அட்டைகளுக்குத் தோட்டத்து வழி இன்றும் செல்லும். காலுறையின் வெளிப்பக்கம் சோப்பையோ நனைத்த புகையிலையையோ தடவிக்கொள்ளுங்கள். ஓடையைத் தாண்டும்போது மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

விடுவதும் கேட்பதும்

மேட்டுத் தெங்காஸ் மெதுவாக வளரும் மீன். ஒரு மடுவில் இருப்பதே சில மீன்கள்தான். அதனால் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையை முதலில் நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல்தோல் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடித்துச் சாகும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுப்பதென்றால் கேமரா தயாரான பிறகுதான் மீனைத் தூக்க வேண்டும். நீரோட்டத்தை நோக்கி முகம் வைத்துப் பிடித்திருங்கள், அது தானாக உதறிப் போகும்வரை. ஏரித் திலாப்பியாவைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. காய்கறி நிலங்களின் பூச்சிமருந்து எச்சங்களை இந்த மலையின் ஆறுகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். என் வீட்டுச் சட்டியில் அந்த மீனை நான் ஏற்ற மாட்டேன்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. தேயிலைத் தோட்டங்கள் தனியார் நிலம். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் தேநீர்க்கடை வழியாக உள்ளே போய் ஓடையில் இறங்குவது முறையல்ல. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், மருந்து தெளிக்கும் நாள் எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்நாட்டு மீன்பிடி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பகாங் மாநில விதிகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நஞ்சு, வெடி, மின்சாரம் வைத்து மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. ஓடையில் பாட்டரியும் கம்பியுமாக யாரையாவது பார்த்தால் சண்டைக்குப் போகாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வந்து துறைக்குச் சொல்லுங்கள். ஒருமுறை மின்சாரம் பாய்ச்சிய மடு தேறி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

தெலோம், லெமோய்ப் பக்கம் போகிறவர்கள் செமாய் மக்களின் ஊர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அந்தப் பாதை முடியாது. முதலில் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து, எங்கே, எத்தனை நாள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஊரிலிருந்து ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு, கூலியைப் புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எந்த மடுவில் மீன் முட்டை வைத்திருக்கிறது, எந்த மரம் பழுத்திருக்கிறது, நேற்று இரவு மேலே மழையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு மடுவைக் காட்டி இங்கே வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்டு நிற்க வேண்டாம், கயிற்றைச் சுற்றிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடங்கள்.